உறிஞ்சுவது யார்?

வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்குக் காற்றழுத்தத்தைச் செய்துகாட்டிக் கற்பிப்பது குறித்த ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் 7 கடிதங்கள் இங்கே இடம்பெறுகின்றன. பதில் எழுதுபவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. காற்று நம்மை எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்று சொன்னேன். “அப்படியானால் எனக்கு ஏன் வலிக்கவில்லை?” என்று கேட்டாள். பதில் தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு தாய், தேனி

பதில்: உங்கள் மகளின் கேள்வி சரியானது, நீங்கள் தொடங்கிய இடம்தான் சற்று முந்திவிட்டது. அந்த வயதில், காற்று அழுத்துகிறது என்பதற்கு முன்னால், காற்று என்று ஒரு பொருள் இருக்கிறது என்பதே நம்பும்படியாக வேண்டும். ஒன்றும் ஊற்றாத டம்ளரைக் ‘காலி டம்ளர்’ என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தானே!

ஒரு கண்ணாடி டம்ளரின் அடியில் காகிதத்தைக் கசக்கித் திணித்து, அதைத் தலைகீழாகப் பிடித்துச் சாய்க்காமல் வாளி நீருக்குள் அமிழ்த்தச் சொல்லுங்கள். அமிழ்த்தும் முன்பு, காகிதம் நனையுமா நனையாதா என்று கேட்டு, அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெளியே எடுத்த காகிதம் உலர்ந்திருப்பதைக் கண்டபின், மறுபடி அமிழ்த்தி டம்ளரைச் சற்றே சாய்க்கட்டும். வெளியேறும் குமிழிகளை, நீர் நிரப்பித் தலைகீழாக நீருக்கடியில் பிடித்திருக்கும் இன்னொரு டம்ளருக்குள் பிடிக்கச் செய்தால், காற்றை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கீழிருந்து மேலாக ஊற்றிய அனுபவம் அவளுக்குக் கிடைக்கும். அன்று வாளியை விட்டு எழுந்து வர மாட்டாள். வர வேண்டியதும் இல்லை.

எடையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குச்சியின் இரு முனைகளிலும் பலூன்களைக் கட்டி ஒன்றை உடைத்துக் காட்டும் வழக்கமான சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை. பலூன் தன்னைச் சுற்றியுள்ள காற்றை விலக்கி மிதக்க முயல்வதால், உள்ளிருக்கும் காற்றின் எடையில் பெரும்பகுதி தராசுக்குத் தெரியாது. ரப்பர் இறுக்கி அடைத்த சிறு மிகுதி மட்டுமே தெரியும். அது பெரும்பாலும் அரை கிராமைத் தொடாது. அதைவிட, உருவம் குலையாத அளவுக்குக் காற்றிறங்கிய ஒரு கால்பந்தைச் சமையலறை மின்னணுத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு, சைக்கிள் பம்பால் நன்றாக இறுக அடித்து மீண்டும் நிறுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 5 கிராம் கூடியிருக்கும். பத்துக்குப் பத்து அடி அறை ஒன்று, உயரமும் 10 அடி என்றால், அதற்குள் இருக்கும் காற்றின் எடை 30 கிலோவுக்கும் மேல். உங்கள் மகளைவிட அந்த அறையின் காற்றுக்கு எடை அதிகம் என்று சொல்லிப் பாருங்கள்.

இனி, ஏன் வலிக்கவில்லை என்பது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறது. இந்த எண்ணை 7 வயதுக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக ஒரு நோட்டுப் புத்தகத்தை உள்ளங்கையால் தள்ளுங்கள், அது நகராது. ஒருவர் கையை எடுத்ததும் நகரும். நம் உள்ளங்கையின் இரு புறத்திலும் காற்று சம அளவில் தள்ளுகிறது. உடலுக்குள் இருக்கும் நீரும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்துகொண்டு உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளுகின்றன. ஒரு பக்கத்துக் காற்றைக் குறைத்தால்தான் மறுபக்கத்துக் காற்று தெரியவரும். பிள்ளைகள் டம்ளரை வாயில் வைத்து உறிஞ்சி, முகத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்கள் அல்லவா? நானும் திரிந்தவன்தான், உதட்டைச் சுற்றி வட்டத் தழும்போடு திட்டும் வாங்கியவன்தான். அடுத்த முறை உங்கள் மகள் அதைச் செய்யும்போது திட்டாமல், “அதை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?” என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் 7ஆம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வானவில் மன்றச் செயல்பாட்டு வேளையில், தட்டில் நீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றிக் கண்ணாடிக் குடுவையால் மூடிக் காட்டினேன். சுடர் அணைந்தது, நீர் உள்ளே ஏறியது. ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்கு நீர் வந்தது என்று விளக்கினேன். ஒரு மாணவன், “ஐயா, எரியும்போது ஏறாமல் அணைந்த பிறகு ஏன் ஏறியது?” என்று கேட்டான். கையேட்டில் இதற்கு விடை இல்லை.
– ஆசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அந்த மாணவனை எனக்காக ஒருமுறை தட்டிக்கொடுங்கள். கையேட்டு விளக்கம் தவறு. நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சோதனை ஒவ்வொரு முறையும் வெற்றியாக முடிவதால் விளக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள இடர். செய்துகாட்டல் பொய்த்தால் மாணவன் காரணம் தேடுவான். செய்துகாட்டல் பலித்துக் காரணம் பொய்த்தால், அந்தப் பொய் அவனோடு கல்லூரி வரை போகும்.

நடப்பது இதுதான். குடுவையைச் சுடரின் மேல் கவிழ்க்கும்போது உள்ளே போகும் காற்று ஏற்கெனவே சூடேறி விரிந்திருக்கிறது. சுடர் எரியும் சில நொடிகளில் அது மேலும் விரிந்து, குடுவையின் விளிம்பின் வழியே குமிழிகளாக வெளியேறுவதையும் சில நேரம் காணலாம். சுடர் அணைந்ததும் உள்ளே எஞ்சிய காற்று குளிர்கிறது, நீராவி நீராகிறது, உள்ளழுத்தம் குறைகிறது. வெளியே தட்டிலுள்ள நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம் அந்த நீரை உள்ளே தள்ளுகிறது. நீர் சுடர் அணைந்த பின் விரைந்து ஏறுவது அதனால்தான்.

ஆக்சிஜனுக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு, மிகச் சிறிது. காற்றில் நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன் இருக்கிறது. அது 16 பங்கை நெருங்கும்போதே மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது. ஆக, தீர்ந்துபோனதாக நாம் சொல்லும் ஆக்சிஜனில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது. செலவான 5 பங்குக்கும் ஈடாக, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வந்து சேர்ந்துவிடுகிறது. எரிவதால் மட்டும் குறைவது நூற்றில் 2 பங்கு கூட இல்லை; உங்கள் குடுவையில் நீர் அதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கும்.

இதை வகுப்பில் வாய்ச்சொல்லாகத் திருத்த வேண்டாம், மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். அதே குடுவை, அதே தட்டு, முதலில் 1 மெழுகுவத்தி, பிறகு 2, பிறகு 3. குடுவைக்குள் இருக்கும் ஆக்சிஜன் மாறவில்லை. ஆனால் மெழுகுவத்தி கூடக் கூட நீர் உயரமாக ஏறும். ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும். அடுத்து, மெழுகுவத்தியே இல்லாமல், குடுவையைச் சுடுநீரால் நன்றாக அலசிக் கொட்டிவிட்டு உடனே தட்டு நீரில் கவிழ்த்து வையுங்கள். தீயே இல்லாத இடத்திலும் நீர் ஏறுவதைக் கண்ட பிறகு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இராது.

ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்ட வேண்டுமானால் தீயை விட்டுவிட்டுத் துருவை நாடுங்கள். லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புத் துகளை வினிகரில் நனைத்துச் சோதனைக் குழாயின் அடியில் ஒட்டிக்கொள்ளும்படி வைத்து, குழாயை நீரில் கவிழ்த்து ஓரிரு நாள் விட்டால், இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள, நீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் வந்து நிற்கும். குழாய் முழு நேரமும் அறை வெப்பநிலையிலேயே இருப்பதால் சூட்டின் குழப்பம் இதில் கிடையாது. இரும்புத் துகளுக்குப் பதிலாக, பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எவர்சில்வர் நாரை வாங்கிவந்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: டம்ளர் நிறைய நீர் ஊற்றி, அட்டையால் மூடிக் கவிழ்த்தால் நீர் கொட்டுவதில்லை. உள்ளே காற்று இல்லை, வெளிக்காற்று அட்டையைத் தாங்குகிறது என்று 10 வயது மகனுக்குச் சொன்னேன். அவன் பாதி நீர் மட்டும் ஊற்றிக் கவிழ்த்தான். அப்போதும் அட்டை விழவில்லை. உள்ளேயும் காற்று, வெளியேயும் காற்று, அழுத்தம் சமம். பிறகு நீரின் எடையை எது தாங்குகிறது?
– ஒரு தந்தை, சேலம்

பதில்: சமம் இல்லை என்பதே விடை. கவிழ்த்த கணத்தில் நீரின் எடை அட்டையை மிக மிகச் சிறிதளவு கீழே இறக்குகிறது அல்லது வளைக்கிறது. அந்த அளவுக்கு உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, அதன் அழுத்தம் குறைகிறது. 5 சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்க உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட நூற்றில் அரைப் பங்கு குறைந்தால் போதும். உள்ளே இருக்கும் காற்றின் உயரமும் 5 சென்டிமீட்டர் என்றால், அது விரிய வேண்டியது கால் மில்லிமீட்டர்தான். அந்தக் கால் மில்லிமீட்டர் இடுக்கை நீரின் பரப்பு இழுவிசை, அதாவது நீர்ப்பரப்பு மெல்லிய தோல்போல இழுத்துப் பிடிக்கும் தன்மை, ஒட்டி அடைத்துக்கொள்கிறது. கனமான, வளையாத பொருளால் மூடினால் சோதனை சில நேரம் தோற்பதும், மெல்லிய அட்டை நன்றாக நிற்பதும் இதனால்தான். டம்ளரின் வாயில் கைக்குட்டையை இறுகக் கட்டி, அதன் வழியே நீர் ஊற்றிக் கவிழ்க்கச் சொல்லுங்கள். துணியில் எத்தனையோ ஓட்டைகள் இருந்தும் நீர் நிற்கும். பிறகு அதே நீரில் சோப்பைக் கலந்து செய்து பார்க்கட்டும். நீங்கள் பிள்ளையோடு சேர்ந்து வாளிக்கு மேல் நின்று செய்வது நல்லது. நீர் கொட்டினால் அது தோல்வி என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் கிணற்றில் 25 அடிக்குக் கீழே நீர் போய்விட்டால் மேலே இருக்கும் மோட்டார் இழுக்காது என்று தாத்தா சொல்கிறார். பள்ளியிலோ, உறிஞ்சுதல் என்று ஒரு விசையே இல்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– 9ஆம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: இருவர் சொல்வதும் சரி. உன் தாத்தா சொன்ன அந்த 25 அடியில், 17ஆம் நூற்றாண்டின் பெரிய அறிவியல் விவாதம் ஒன்று அடங்கியிருக்கிறது.

முதலில் சிறிய ஒன்றைச் செய்துபார். இளநீர் குடிக்கும் குழல்கள் இரண்டை எடுத்து, ஒன்றின் முனை டம்ளர் நீருக்குள்ளும் மற்றொன்றின் முனை டம்ளருக்கு வெளியிலுமாக வைத்து, இரண்டையும் சேர்த்து வாயில் வைத்து உறிஞ்சு. எவ்வளவு முயன்றாலும் நீர் சரியாக ஏறாது, ஏனென்றால் வெளியே இருக்கும் குழல் வழியாகக் காற்று வந்து வாயை நிரப்பிவிடுகிறது. அடுத்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரை விளிம்பு வரை நிரப்பி, வாயில் ஒரு குழலைச் செருகி, சுற்றிலும் களிமண்ணோ பிசைந்த மாவோ வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு உறிஞ்சு. ஓரிரு துளிக்கு மேல் வராது. இரண்டிலும் உன் வாய் அதே வேலையைத்தான் செய்தது. வாய் செய்வது குழலுக்குள் இருக்கும் காற்றைக் குறைப்பது மட்டுமே. நீரை மேலே தள்ளுவது வெளியே நீர்ப்பரப்பின் மேல் அழுத்தும் காற்று. முதல் சோதனையில் உள்ளே காற்றைக் குறைக்க முடியவில்லை. இரண்டாவதில் வெளிக்காற்றால் நீரைத் தொடவே முடியவில்லை.

கிணற்று மோட்டாரும் அதைத்தான் செய்கிறது. குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் இருக்கும் வளிமண்டலம் நீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. ஆனால் அந்த வளிமண்டலத்தின் பலத்துக்கு ஓர் எல்லை உண்டு. கடல் மட்டத்தில் அது தாங்கக்கூடிய நீர்த் தூணின் உயரம் ஏறக்குறைய 10.3 மீட்டர். எவ்வளவு பெரிய மோட்டாரை வைத்தாலும் காற்று அதற்கு மேல் தள்ளாது. குழாயின் உராய்வு, குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வின் தடை, நீர் ஆவியாகும் தன்மை எல்லாம் போக, நடைமுறையில் கிடைப்பது 7 முதல் 8 மீட்டர். உன் தாத்தாவின் 25 அடி அதுதான். நீர் இறங்க இறங்க நம் உழவர்கள் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கி வைத்தது இதற்காகவே. நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்த எல்லை இல்லை, ஏனென்றால் அது நீருக்குள்ளேயே இருந்துகொண்டு கீழிருந்து தள்ளுகிறது.

இத்தாலியில் உறிஞ்சு பம்புகள் ஏறக்குறைய 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற மறுத்ததைக் கலிலியோ தம் 1638ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். நீளமான கயிறு தன் எடையாலேயே அறுவதைப் போல நீர்த் தூணும் அறுந்துவிடுகிறது என்று அவர் கருதினார். கலிலியோவே மேலிருந்து இழுப்பதாகத்தான் நினைத்தார் என்பதால், வகுப்பில் தவறாகச் சொன்னவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவரோடு இருந்து பணியாற்றிய டாரிசெல்லி, காற்று கீழிருந்து தள்ளுகிறது என்று கொண்டால் எல்லாம் பொருந்துவதைக் கண்டார். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆகவே அது 10 மீட்டருக்குப் பதிலாக ஏறக்குறைய 76 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். 1640களின் நடுப்பகுதியில் செய்த சோதனையில் அப்படியே நின்றது. காற்றுக் கடலின் அடியில் நாம் அமிழ்ந்து வாழ்கிறோம் என்று அவர் 1644இல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

பாதரசம் நஞ்சு, அதைத் தொட வேண்டாம். உன் பள்ளியில் நான்கு மாடிக் கட்டடம் இருந்தால், ஆசிரியர்களின் துணையோடு நீரிலேயே இதைச் செய்யலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் குழாயில் தடித்த சுவருள்ளதாக 12 மீட்டர் வாங்கி, கொதிக்க வைத்து ஆறிய நீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஒரு முனையை இறுக அடைத்துவிட்டு, மறுமுனை தரையில் வாளி நீருக்குள் மூழ்கியிருக்க, அடைத்த முனையைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்க வேண்டும். இழுப்பவர் பெரியவராக இருக்கட்டும். 10 மீட்டரை நெருங்கும் வரை எதுவும் நடக்காது. அதன்பின் குழாய் ஏறினாலும் நீர் ஏறாது, மேல் முனையில் குமிழிகள் கிளம்பி வெற்றிடம் போன்ற ஓர் இடம் தோன்றும். மெல்லிய குழாயாக இருந்தால் அது சப்பையாகிவிடும். அதுவும் காற்றின் வேலைதான்.

கேள்வி: குளிர்பான டப்பாவில் நீரைக் கொதிக்க வைத்துக் குளிர்நீரில் கவிழ்த்து நசுக்கிக் காட்டும் சோதனையை வீட்டில் செய்யலாமா? பிள்ளைகளுக்கு 8, 11 வயது.
– வாசகி, மதுரை

பதில்: பெரியவர் இடுக்கியால் பிடித்துச் செய்ய, பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கலாம். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரிவதால், டப்பாவில் இருந்த காற்றை ஆவி வெளியேற்றிவிடுகிறது. குளிர்நீரில் கவிழ்த்த நொடியில் ஆவி மீண்டும் நீராகிவிட, வெளிக்காற்று டப்பாவை நசுக்குகிறது. மூடிய எந்தப் பாத்திரத்தையும் அடுப்பில் ஏற்றக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டுமானால், கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, உடனே மூடியை இறுக்கிக் குழாய் நீரில் காட்டினால் புட்டி நெளியும். இதையும்கூடத் தேட வேண்டாம். சூடான சாம்பாரை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் அடைத்து அனுப்பினால், மதியம் மூடியைத் திறக்க முடியாமல் பிள்ளைகள் திண்டாடுவது இதே காரணத்தால்தான். பாக்ஸைச் சுடுநீரில் சற்று வைத்தால் மூடி தானாகத் தளரும்.

கேள்வி: பள்ளி ப்ராஜெக்டுக்காக என் மகள் கண்ணாடி ஜாடியின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு குழலை ஒட்டிக் காற்றழுத்தமானி செய்தாள். குழலின் முனை ஏறினால் அழுத்தம் உயர்வு, இறங்கினால் தாழ்வு என்று குறித்தாள். 10 நாள்களும் விடியற்காலையில் உயர்வு, பிற்பகலில் தாழ்வு என்றே வந்தது. வானிலை அறிக்கையோடு ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. எங்கே பிழை?
– ஒரு தந்தை, சென்னை

பதில்: உங்கள் மகளின் அளவீட்டில் பிழை இல்லை, கருவியின் பெயரில்தான் பிழை. அவள் செய்தது வெப்பமானி.

ஜாடிக்குள் அடைபட்ட காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதன் அழுத்தம் ஏறக்குறைய 3 மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு; கடல் மட்டத்தில் இயல்பான அழுத்தம் ஏறக்குறைய 1,013) கூட முயல்கிறது. சென்னையில் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம் சாதாரண நாளில் காலைக்கும் மாலைக்கும் இடையே மாறுவதே 3, 4 மில்லிபார்தான். அறையில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் 6 டிகிரி வேறுபாடு இருந்தால், ஜாடி 20 மில்லிபார் மாற்றத்தைக் காட்டும். அதாவது உங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் ஒரு புயல் கடந்துபோனதாகக் கணக்கு. பிற்பகலில் உள்காற்று விரிந்து பலூன் தோல் மேலே புடைக்க, ஜாடியின் விளிம்பில் சாய்ந்திருக்கும் குழலின் வெளிமுனை கீழிறங்கித் ‘தாழ்வு’ காட்டியிருக்கிறது. கடைகளில் கிடைக்கும் திரவமில்லா அழுத்தமானியின் உலோகப் பெட்டியிலிருந்து காற்றை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடுவது இந்தத் தொல்லைக்காகத்தான்.

ப்ராஜெக்டைக் கைவிட வேண்டாம். ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, இரண்டு அளவுகளையும் ஒரே வரைபடத்தில் வரையச் சொல்லுங்கள். அவள் சமர்ப்பிக்க வேண்டியது அந்த வரைபடம். உண்மையான அழுத்தத்தைக் காண, அழுத்த உணரி உள்ள கைப்பேசி யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பாருங்கள். எல்லாக் கைப்பேசிகளிலும் அது இருப்பதில்லை. நம் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் அழுத்தம் காலை 10 மணி, இரவு 10 மணி அளவில் உச்சத்துக்கும், பிற்பகல் 4 மணி, அதிகாலை 4 மணி அளவில் தாழ்வுக்கும் நாள்தோறும் அலைபோல ஏறி இறங்குவதை அதில் காணலாம். அதே கைப்பேசியோடு மாடிப்படி ஏறினால், ஏறக்குறைய 8 முதல் 9 மீட்டர் உயரத்துக்கு 1 மில்லிபார் வீதம் எண் குறையும். 10 மாடிக் குடியிருப்பில் மின்தூக்கியில் ஏறி இறங்கியே ஒரு பிற்பகல் கழிந்துவிடும்.

இதோடு இணைந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு மூவர் இதைக் கேட்டிருந்தார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் ‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று செய்தியில் சொல்வது எவ்வளவு தாழ்வு? 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் மையத்தில் அழுத்தம் 912 மில்லிபார் என மதிப்பிடப்பட்டது. இயல்பைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் குறைவு. ஊட்டியில் எந்த நாளிலும் அழுத்தம் 800 மில்லிபாருக்கும் கீழே இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் பறந்துபோவதில்லை. காற்றை ஓடச் செய்வது, ஒரே மட்டத்தில், குறுகிய தொலைவுக்குள் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான். அதனால்தான் வானிலை ஆய்வாளர்கள் எல்லா ஊர்களின் அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்டுவிட்டு ஒப்பிடுகிறார்கள்.

கேள்வி: 8ஆம் வகுப்பு மாணவர்களை ஊட்டிக்கு ஒருநாள் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். வழியில் காற்றழுத்தத்தைக் காட்ட ஏதாவது செய்ய முடியுமா?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் உங்களுக்குக் கிடைக்காது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். அந்த மலைப்பாதையில் ஏறும்போது, உங்களுக்கு மேலே இருக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கீழே விட்டுவிட்டுப் போகிறீர்கள். காது அடைப்பதும், பையில் இருக்கும் சிப்ஸ் பொட்டலம் தலையணையாய் உப்புவதும் அதனால்தான். பொட்டலத்தை மேட்டுப்பாளையத்திலும் குன்னூரிலும் ஊட்டியிலும் ஒரு நூலால் சுற்றி அளந்து குறிக்கச் சொல்லுங்கள். மேலே போகும்வரை யாரும் பிரித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம்.

முக்கியமான சோதனை இறங்கும்போது. நீலகிரியில் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால், கெட்டியான மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள் இரண்டைக் காலியாகவும் உலர்வாகவும் கொண்டுசெல்லுங்கள். ஒன்றை ஊட்டியில் சிறிது நேரம் நிழலில் திறந்து வைத்துவிட்டு இறுக மூடுங்கள். மற்றொன்றை அதே போலக் குன்னூரில் மூடுங்கள். ஊரும் நேரமும் வெப்பநிலையும் எழுதிய சீட்டை ஒட்டிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வந்ததும், ஒரு வாளி நீருக்குள் புட்டியைத் தலைகீழாக முழுவதும் அமிழ்த்தி, நீருக்கடியிலேயே மூடியைத் திறக்க வேண்டும். ஊட்டியின் மெலிந்த காற்றைச் சமவெளியின் காற்று அழுத்திச் சுருக்க, நீர் புட்டிக்குள் பாயும். உள்ளேயும் வெளியேயும் நீர் ஒரே மட்டத்தில் வரும்வரை புட்டியை உயர்த்தி, விரலால் வாயை அடைத்து வெளியே எடுத்து, நுழைந்த நீரை அளவுக் குடுவையில் ஊற்றி அளக்கலாம். ஊட்டியைவிடக் கீழே வெப்பம் கூடுதல் என்பதால் ஐந்தில் ஒரு பங்கு முழுமையாக வராது. 750 மில்லிலிட்டர் புட்டியில் 120 மில்லிலிட்டர் அளவில் எதிர்பார்க்கலாம். வெப்பநிலைக் கணக்கைச் சேர்த்துக்கொண்டால், அந்த நீரின் அளவிலிருந்தே ஊட்டியின் காற்றழுத்தத்தை மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

1648 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் பாஸ்கல் என்ற அறிவியலாளர் தம் சகோதரியின் கணவரான பெரியேவைப் பாதரசக் குழாயோடு பூய் தெ தோம் என்ற மலையில் ஏறச் செய்து, உச்சியில் பாதரசம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்பதைக் காணச் செய்தார். அன்று அடிவாரத்திலும் ஒரு குழாயை வைத்து, அதில் மாற்றம் ஏதும் இல்லை என்பதைப் பகல் முழுவதும் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். நீங்களும் அப்படியே மூன்றாவதாக ஒரு புட்டியைக் காலையில் மேட்டுப்பாளையத்திலேயே மூடி, கூடவே மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்து திறந்து பாருங்கள். அதில் ஏறக்குறைய நீர் புகாமல் இருந்தால்தான் மற்ற இரண்டின் கணக்கை நம்பலாம். நீர் கணிசமாகப் புகுந்தால் மூடி கசிகிறது என்று பொருள்.

மூன்று புட்டிகளையும் திறப்பதற்கு முன், எதில் எவ்வளவு நீர் புகும் என்று ஒவ்வொரு மாணவரும் பேருந்திலேயே எழுதி உங்களிடம் கொடுத்துவிடட்டும். கிடைத்த அளவுகளை எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.